இறால் குட்டைத் தண்ணீரை அளந்த கதை



விதை நெல்லை உப்புத் தண்ணியில் போட்டுப் பதர் நீக்குவது நம்ம வீடுகளில் பழகின வேலை. வாளித் தண்ணீரில் ஒரு கோழி முட்டையைப் போடுவோம். முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கரைக்கக் கரைக்க மெல்ல எழும்பி வரும். ஒரு நாணயம் அகலத்துக்கு அதன் மேல்பக்கம் தண்ணிக்கு மேலே தெரிந்தால், "போதும், உப்பு நிறுத்து" என்று வீட்டுப் பெரியவர் சொல்லுவார். அப்புறம் விதையைக் கொட்டினால் பதர் மேலே, மணி கீழே. அந்த முட்டை என்ன? அதுதான் அளவுக் கருவி. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நாக்கை நம்பாமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்லிவிடுகிறது. இன்றைக்கு இறால் குட்டையில் ஒரு மிதவை மிதந்துகொண்டு, தண்ணீரின் நிலவரத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் செல்போனுக்கு அனுப்புகிறதே, அதற்கும் இந்த முட்டைக்கும் உறவு உண்டு. இடையில் நடந்ததைத்தான் இன்று பேசப்போகிறேன்.

"கடம்பத்தூருக்கும் இறாலுக்கும் என்னங்க சம்பந்தம்? நமக்குக் கடலா இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்ம ஒன்றியத்துக் கூவம் ஊரில் புறப்படுகிற ஆறுதான் பட்டணத்துக்குள் போய் மூக்கைப் பொத்த வைக்கிறது. கொசஸ்தலை ஆறு பூண்டியில் தேங்கி, மிச்சம் எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. எண்ணூரிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கும் தண்ணீர் தொடர்பு இருக்கிறது. ஆகவே மேட்டில் இருக்கிற நாமும் கீழே இருக்கிற இறால் குட்டைக்காரரும் ஒரே மாவட்டத்துத் தண்ணீருக்குப் பங்காளிகள். இன்னொன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிற பிள்ளைகள், "நெல்லில் என்ன கிடைக்குது, நம்ம நிலத்திலேயே போர்த் தண்ணியில் இறால் போட்டா என்ன?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கதை தேவைப்படும்.

முதலில் பழைய காலத்தைப் பார்ப்போம். பழவேற்காட்டு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இறால் பிடிக்கிறவர்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொண்டார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். கேரளத்தில் பொக்காளி நிலங்களில் மழைக்காலத்தில் நெல், அது முடிந்ததும் அதே வயலில் இறால். வங்காளத்தில் 'பேரி' என்கிற பெரிய கரை கட்டிய குட்டைகள். இவற்றில் எதிலும் தண்ணீரை யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்றத்தில் மதகைத் திறந்தால் கடல் தண்ணீர் குஞ்சையும் கொண்டுவந்து விடும். வற்றத்தில் அழுக்கை எடுத்துக்கொண்டு போகும். நாளுக்கு இரண்டு தரம் கடலே வந்து வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகிறபோது, விளக்குமாறு எதற்கு? இறாலும் நெருக்கமில்லாமல் கலைந்து கிடக்கும். கையில் தீவனம் போடுகிறவர் யாருமில்லை.

நெருக்கம் வந்தது ஜப்பான்காரர் ஒருவரின் விடாமுயற்சியால். புஜினாகா என்ற விஞ்ஞானி 1934-இல் குருமா இறாலைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டினார். கடல் கொடுத்தால்தான் குஞ்சு என்ற நிலை அன்றோடு மாற ஆரம்பித்தது. 1960-களின் கடைசியில் தைவானில் வரி இறால், அதாவது நம்மவர்கள் டைகர் என்கிறார்களே, அதன் குஞ்சையும் பொரிக்கக் கற்றார்கள். தீவனம் வந்தது, தண்ணீரை அடித்துக் கிளப்புகிற காற்றுச் சக்கரம் வந்தது. தைவான் உலகத்திலேயே பெரிய இறால் பண்ணை நாடாகி, 1988-இல் ஒரேயடியாகச் சரிந்தது. நோய் என்றார்கள், அழுக்குத் தண்ணீர் என்றார்கள், நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நிலம் தாழ்ந்தது என்றார்கள். அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டேதான் 1990-களின் தொடக்கத்தில் ஆந்திரக் கரையிலும் நம்ம தஞ்சைக் கரையிலும் இந்தப் பக்கத்திலும் குட்டைகள் வெட்டப்பட்டன. பக்கத்து வீட்டில் தீ எரிந்ததைப் பார்த்த பிறகும் நாம் வைக்கோலைக் கூரையில் போட்ட கதை அது.

நெருக்கமாக இறால் விட்டால் தண்ணீருக்கு என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

குட்டைத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது கண்ணுக்குத் தெரியாத பாசியால். பகலில் வெயில் இருக்கும்வரை இந்தப் பாசி பிராணவாயுவை, அதாவது ஆக்சிஜனை, தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அது உச்சத்தில் நிற்கும். பொழுது சாய்ந்தால் பாசி கொடுப்பதை நிறுத்திவிட்டு, தானும் வாங்க ஆரம்பித்துவிடும். இறாலும் வாங்கும். அடியில் கிடக்கிற மீந்த தீவனத்தையும் எச்சத்தையும் தின்கிற நுண்ணுயிர்கள் எல்லாரையும்விட அதிகம் வாங்கும். கொடுப்பார் இல்லை, வாங்குவார் மூன்று பேர். இரவு முழுக்க இறங்கி இறங்கி, விடிவதற்கு முந்தின நேரத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொடும். நல்ல தண்ணீரே சூடு 30 டிகிரி இருந்தால் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடித்துவைக்கும். கடல் அளவு உப்பிருந்தால் ஆறு சொச்சம். இறாலுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 3-க்குக் கீழே போனால் தீவனம் எடுக்காது, திணறும். இன்னும் இறங்கினால் கரையோரம் வந்து ஒதுங்கும். அதைக் கண்ணால் பார்க்கிற நேரத்தில் பாதி இழப்பு நடந்து முடிந்திருக்கும்.

ஆக, இறால் சாகிற நேரம் மனுஷன் தூங்குகிற நேரம். பகல் பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்! தண்ணீரை அளக்கிற கருவிகளின் சரித்திரம் முழுக்க, அளவை அந்தக் கெட்ட நேரத்துக்கும் அந்தக் கரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற முயற்சிதான் என்பது என் எண்ணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவிகளில் ஒன்றைக்கூட யாரும் இறாலுக்காகச் செய்யவில்லை. குட்டைக்காரர்கள் இன்றும் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிறார்களே, கறுப்பும் வெள்ளையும் அடித்த வட்டத் தகடு, அதன் மூத்தது 1865-இல் இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார் கப்பலிலிருந்து கடலில் இறக்கிய வெள்ளைத் தட்டு. அவர் வானத்து நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். கடல் எவ்வளவு தெளிவு என்று பார்க்க அதைச் செய்தார். தகடு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் கணக்கு. இறால் குட்டையில் 30-லிருந்து 45 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. 20-லேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, இரவில் ஆபத்து. அரை ரூபாய்ச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் நான் இதை மட்டமாகச் சொல்லமாட்டேன். மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போகாது.

ஆக்சிஜனை அளக்க வழி சொன்னவர் ஹங்கேரி நாட்டு விங்க்லர், 1888-இல். சீசாவில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருக்கிற தண்ணீர் பழுப்பாகத் திரியும்; இல்லாத தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். அதற்கு மேல் அமிலம் விட்டு, மாவுக்கஞ்சி சேர்த்து, நீலம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்து விட்டு எண்ணவேண்டும். ரொம்ப நாணயமான முறை. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்றும் மற்றக் கருவிகளைச் சரிபார்க்க இதைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் விடியற்காலம் நாலு மணிக்கு, லாந்தர் வெளிச்சத்தில், வழுக்குகிற கரையில் நின்று பத்துக் குட்டைக்கு இதைச் செய்ய யாரால் ஆகும்?

கார அமில நிலையை, பி.எச். என்கிறோமே, அதற்கு எண் கொடுத்தவர் டென்மார்க்கின் சோரன்சன், 1909-இல், ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். அதை முள் காட்டும் பெட்டியாகச் செய்தவர் அமெரிக்காவின் பெக்மன், 1930-களின் நடுவில். கேட்டு வாங்கியவர்கள் யார் தெரியுமா? எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கவேண்டியிருந்த பழத்தோட்டக்காரர்கள். அடுத்து வந்ததுதான் பெரிய மாற்றம். 1956-இல் லேலண்ட் கிளார்க் என்பவர், மெல்லிய பிளாஸ்டிக் தோல் போர்த்திய ஒரு மின்முனையைப் பற்றி எழுதினார். ஆக்சிஜன் அந்தத் தோல் வழியாக உள்ளே கசிந்தால், அதற்குத் தகுந்த மின்சாரம் ஓடும். அவர் அதைச் செய்தது நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க. ரத்தத்துக்குச் செய்த கருவி ஆற்றுக்கும் குளத்துக்கும் வந்தது. சொட்டு எண்ணுகிற வேலை போயிற்று. கம்பியைத் தண்ணீரில் விட்டால் எண் தெரியும்.

1970-களில் அமெரிக்காவின் தென்பகுதியில் கெளுத்தி இன மீன் வளர்க்கிறவர்கள், இந்தக் கருவியை வண்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் குளம் குளமாகச் சுற்றினார்கள். அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாட் பாய்ட் என்பவரும் கூட்டாளிகளும் அந்த அலைச்சலைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சென்சார் வாங்க வசதியில்லாதவருக்கு இன்றைக்கும் இது உதவும். பொழுது சாய்ந்ததும் ஒரு தரம் அளக்கவேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தரம். இரண்டு புள்ளியையும் தாளில் வைத்து நேர்கோடு இழுத்தால், விடியற்காலையில் அந்தக் கோடு எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். உதாரணமாக, ஏழு மணிக்கு 8, பத்து மணிக்கு ஆறரை. மூன்று மணி நேரத்தில் ஒன்றரை குறைந்தது. மணிக்கு அரை. அப்படியானால் காலை ஆறு மணிக்கு இன்னும் எட்டு மணி நேரம், குறைவது 4, மிஞ்சுவது இரண்டரை. போதாது. ராத்திரி பத்து மணிக்கே காற்றுச் சக்கரத்தைப் போட்டுவிட வேண்டும் என்று படுக்கப்போகும் முன்பே தெரிந்துபோகிறது. இரண்டு அளவும் ஒரு பென்சிலும், அவ்வளவுதான். இத்தனை அழகான கணக்கு நம்ம பண்ணைகளில் பரவலாகவில்லையே என்பது எனக்கு ஆதங்கம்.

நம்ம நாட்டில் நடந்தது வேறு. 1987-இல் சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. முட்டுக்காட்டில் அதன் சோதனைப் பண்ணை. விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பணம் அவர்களைவிட வேகமாக ஓடியது. கம்பெனிகள் வந்தன, ஏற்றுமதி விலை இழுத்தது. இறாலைத் தட்டில் தூக்கிப் பார்த்து, தண்ணீரை வாயில் வைத்து உப்புப் பார்த்து, காலால் சேற்றைக் கிளறி அழுகின முட்டை நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்த்தே பலர் ஓட்டினார்கள். அந்த நாற்றம் உண்மையான எச்சரிக்கைதான். அடிச்சேற்றில் கந்தக வாயு கிளம்புகிறது என்று அர்த்தம். மூக்கு பொய் சொல்லாது. ஆனால் எவ்வளவு என்று சொல்லாது.

1994-இன் கடைசியிலிருந்து வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கரையில் இறங்கியது. ஓட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் ஒரு வாரம், பத்து நாளில் குட்டை காலி. அது வைரஸ். எந்தத் தண்ணீர்க் கருவியும் வைரஸைக் காட்டாது. இதை அழுத்திச் சொல்கிறேன், சென்சார் விற்க வருகிறவர் சில சமயம் இதைச் சொல்வதில்லை. தண்ணீர் ஒரே சீராக இருந்தால் இறால் திடமாக நிற்கும், ஏறி இறங்கினால் நோய்க்கு இடம் கொடுக்கும். கருவியால் உண்டாகும் நன்மை அந்த மட்டில்தான்.

அதே காலத்தில் வரப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேறொரு குரல் எழுந்தது. நாகை, தஞ்சைப் பக்கத்தில் நிலமற்ற உழவர்களோடு உழைத்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியரைப் பலர் அறிவீர்கள். "குட்டைத் தண்ணீர் கசிந்து எங்கள் வயல் உவராகிறது, குடிக்கிற கிணறு கரிக்கிறது" என்ற முறையீட்டோடு ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூர் நீரி நிறுவனத்தார் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் தொழில் கூடாது. பாரம்பரிய முறைக்கு விலக்கு உண்டு. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் இவற்றை இறால் குட்டையாக மாற்றக்கூடாது. நம்ம மாவட்டத்தைப் பெயர் சொல்லாமலே தொட்ட வரியும் அதில் இருந்தது. சிலிகா ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் 1000 மீட்டருக்குள் குட்டை கூடாது என்றார்கள்.

அப்புறம் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டு விதிப்படி நடத்தலாம் என்று வழி திறந்தது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தச் சட்டத்தோடு வந்த விதிகளில்தான், குட்டையிலிருந்து வெளியே விடுகிற தண்ணீருக்கும் எண் எழுதினார்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, மிதக்கும் அழுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அதில் வரும். அதுவரை அளவு என்றால் உள்ளே இருக்கிற இறாலுக்காக. அன்றிலிருந்து வெளியே இருக்கிறவனுக்காகவும் அளக்கவேண்டும் என்று ஆயிற்று. ஏட்டளவில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே மீஞ்சூர்க் கதையைச் சொல்லாமல் போகமுடியாது. 1960-களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, தொழிற்சாலைகளுக்கும் பட்டணத்துக்கும் தண்ணீர் எடுத்தார்கள். எடுக்க எடுக்க, கடல் உப்பு நிலத்துக்கு அடியிலேயே உள்ளே நடந்து வந்தது. அந்தப் பக்கத்தில் இறால் குட்டை பெருகுவதற்கு வெகு முன்னமே கிணறுகள் கரித்தன. அது எப்படித் தெரியும்? வருஷா வருஷம் கிணறு கிணறாக அளந்து தேதி போட்டு எழுதிவைத்தார்கள், அதனால் தெரியும். எழுதிவைக்காத ஊர்களில் என்ன நடந்தது? குட்டைக்காரர், "உன் கிணறு முன்னமே கரிப்பு" என்றார். நெல்காரர், "உன் குட்டை வந்த பிறகுதான்" என்றார். இரண்டு பேர் கையிலும் எண் இல்லை. பஞ்சாயத்தில் சத்தம் பெரியதாக இருந்தவர் ஜெயித்தார். நெல்லில் அது யாராக இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி மிதவைக்கு வருவோம். 2009-இல் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலை வளர்க்க இந்தியாவில் அனுமதி கிடைத்தது. நோயற்ற தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்துப் பார்த்துக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குத் தருவது ஏற்பாடு. சதுர மீட்டருக்கு 60 வரை விடலாம் என்று வரம்பு வைத்தார்கள். டைகர் காலத்து நெருக்கத்தைவிட இது பல மடங்கு. 60 இறாலைச் சுமக்கிற தண்ணீர் கயிற்றில் நடக்கிற கழைக்கூத்தாடி மாதிரி. காற்றுச் சக்கரம் இரண்டு மணி நேரம் நின்றால் தீர்ந்தது. ராத்திரியில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் கிளம்பாமல் அடம்பிடித்த குட்டையின் கரையில் மறுநாள் காலை நின்றிருக்கிறேன். வலை போட்டு வாரிய சாமான் உரக்குழிக்குப் போயிற்று. அந்தக் குடும்பம் நகையை மீட்டதா என்று பிறகு கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் 2012-இல் விஜயவாடாவில் 'ஏருவாக்கா' என்ற பெயரில் ஒரு தொழில் தொடங்கியது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தெலுங்கு பேசுகிற உறவினர்களைக் கேளுங்கள், அர்த்தம் சொல்லுவார்கள். மழை தொடங்கியதும் ஏர் பூட்டுகிற பண்டிகைக்குப் பெயர் ஏருவாக்கா. இறால் குட்டைக்கான கருவிக்கு ஏர்ப் பண்டிகையின் பெயர்! எனக்கு அது பிடித்திருந்தது. அவர்கள் செய்தது, குட்டையில் மிதந்துகொண்டே ஆக்சிஜன் முதலானதை அளந்து செல்போனுக்கு அனுப்புகிற மிதவை. இன்று அதே வேலைக்கு இன்னும் பல கம்பெனிகள் வந்துவிட்டன.

வேலை செய்கிற விதம் இதுதான். தண்ணீருக்குள் நிற்கிற சென்சார் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் அளக்கிறது. புதிய வகைகளில் கிளார்க்கின் பிளாஸ்டிக் தோல் இல்லை. ஒரு சாயப்பூச்சு இருக்கிறது. அதன்மேல் நீல வெளிச்சம் பட்டால் சிவப்பாக மினுங்கும். ஆக்சிஜன் நிறைய இருந்தால் அந்த மினுக்கம் சீக்கிரம் அணையும், குறைவாக இருந்தால் தாமதித்து அணையும். அந்தத் தாமதத்தை எண்ணி எழுதுகிறது கருவி. எண் செல்போன் கோபுரம் வழியாகப் போகிறது. நீங்கள் வைத்த வரம்புக்குக் கீழே இறங்கினால் போன் அலறும். சிலவற்றில் காற்றுச் சக்கரத்தையே தானாகப் போட்டுவிடும், ஏறியதும் நிறுத்திவிடும். ராத்திரி முழுக்கச் சும்மா சுற்றுகிற சக்கரத்தின் கரண்டு மிச்சமாகிறது. அந்தப் பழைய கெட்ட நேரத்துக்கு ஒருவழியாக ஒரு காவல்காரன் கிடைத்துவிட்டான்.

காவல்காரனையும் கண்காணிக்கவேண்டும், அது வேறு விஷயம். உவர்த்தண்ணீரில் எதைப் போட்டாலும் நாலு நாளில் பாசி பிடிக்கும், கொட்டலசு ஒட்டும். சென்சார் முகத்தில் பாசி படர்ந்தால், அது குட்டையின் ஆக்சிஜனை அல்ல, தன் முகத்துப் பாசியின் ஆக்சிஜனை அளந்து சொல்லும். பகலில் கூடுதலாகவும் ராத்திரியில் குறைவாகவும் காட்டிக் குழப்பும். ஆகவே வாரத்தில் இரண்டு முறையாவது மெத்தென்ற துணியால் துடைக்கவேண்டும். துடைத்தபின் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் நூற்றுக்கு நூறு பங்கு என்று காட்டவேண்டும், காட்டாவிட்டால் திருத்தவேண்டும். தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று கருவிக்கு நாம் சொல்லவில்லை என்றால் ஆக்சிஜன் கணக்கும் தப்பும். பி.எச். முனைக்கு 7-ம் 10-ம் குறித்த கரைசலில் முக்கிச் சரிபார்ப்பது தனி வேலை. இதையெல்லாம் செய்யாமல் கரையில் கட்டிலைப் போட்டுப் படுத்தவருக்கு, மிதவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அமோனியாவை இன்னும் கரையிலேயே மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அதில் ஒரு சூட்சுமம். மொத்த அமோனியாவில் விஷமாக இருப்பது ஒரு பங்கு மட்டும். 30 டிகிரி சூட்டில் பி.எச். 8 இருந்தால் நூற்றுக்கு ஆறேழு பங்கு விஷம். அதுவே 9-க்கு ஏறினால் நாற்பது பங்குக்குப் பக்கத்தில் போகும். பாசி மிஞ்சின குட்டையில் பிற்பகலில் பி.எச். அப்படி ஏறும். காலையில் அமோனியா பார்த்து, "பரவாயில்லை" என்று போனவருக்கு மத்தியானம் இறால் சோர்ந்தால் காரணம் புரியாது. ஆக்சிஜனுக்கு விடியற்காலம் கெட்ட நேரம், அமோனியாவுக்குப் பிற்பகல்.

கடைசியாக, போர்த் தண்ணியில் இறால் போடலாமா என்று கேட்கிற நம்ம பிள்ளைகளுக்கு. அரியானாவில் உவராகிப்போன உள்நாட்டு நிலங்களில், கடலுக்கு வெகு தொலைவில், வனாமி வளர்க்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அங்கே முதலில் ஒரு பாடம் படித்தார்கள். உப்பு அளவு இறாலுக்குப் போதும் என்று கருவி காட்டியது, குஞ்சு செத்தது. நிலத்தடி உவர்த்தண்ணீரில் சோடியம் இருக்கிறது, கடல் தண்ணீரில் இருக்கிற அளவு பொட்டாசியம் இல்லை. பொட்டாஷ் கரைத்துவிட்ட பிறகுதான் பிழைத்தது. மிதவை இதைச் சொல்லாது; ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அது ஏற்கெனவே நெல்லும் கோதுமையும் விளையாத களர் நிலம். கடம்பத்தூர் நிலம் அப்படியா? விளைகிற வயலில் உப்புத் தண்ணீரைத் தேக்கினால் அடுத்த வயல்காரரின் கிணற்றுக்கு என்ன ஆகும்?

நெல்லுக்குப் பாயும் தண்ணீரின் உப்பை மின்கடத்தும் திறன் என்று அளக்கிறார்கள். பழைய மண் பரிசோதனை அட்டைகளில் மில்லிமோ என்று இருக்கும். 0.7 வரை கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் பாசனத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்கு. கடல் தண்ணீர் 50 பக்கம். மண் பரிசோதனை நிலையத்தில் பாசனத் தண்ணீரும் பார்த்துத் தருகிறார்கள். சுத்தமான சீசாவில், மோட்டார் போட்டுக் கால் மணி நேரம் ஓடிய பிறகு பிடித்து, ஊர், சர்வே எண், தேதி எழுதிக் கொண்டுபோங்கள். கோடையில் ஒரு தரம், மழை முடிந்து ஒரு தரம். பக்கத்தில் யாராவது குட்டை வெட்ட நிலம் அளக்கிறார்கள் என்று தெரிந்தால், முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடுங்கள். குட்டைக்காரரும் அதே நாளில் அதே கிணற்றில் இன்னொரு சீசா பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு சீட்டும் இரண்டு வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும்.